இடது ஓரத்தில் நின்ற பெண்

அலாரம் ஒலித்தபோது நான் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்ப்பதுதான் என் வேலை, அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அந்த ஒரு நிமிடம் என் கண் வாசலில் இருந்தது, மேலாளர் வந்துவிடுவாரோ என்று. அதற்குப் பிறகு மூன்று கிழமைகள், அந்த மாதம் முடியும்வரை, எனக்கு ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒஸ்லோவில் ஒரு சிறிய தனியார் கலைக்கூடத்தில் நான் அறைக் காவலாளி. கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சட்டை, காதில் ஒரு கருவி. தொடாதீர்கள், பையை முன்பக்கம் போடுங்கள், கழிப்பறை கீழே. இந்த மூன்று வசனங்களோடு ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஓவியங்களைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது என்று முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். அதற்கு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். எனக்கு அதில் எந்தக் குறையும் இருக்கவில்லை. மீன் தொழிற்சாலையும் துப்புரவு வேலையும் தோள்மூட்டைத் தின்று முடித்த பிறகு, ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு வேலை கிடைத்ததே பெரிது. நிரந்தர வேலை அல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்காமலும் விடுவார்கள்.

அந்தக் குளிர்காலம் இத்தாலியிலிருந்து இரவலாகச் சில ஓவியங்கள் வந்தன. ஐந்நூறு வருடங்களுக்கு முந்தியவை. மறுமலர்ச்சிக் காலம் என்று சுவரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு மூன்றாவது அறை. அங்கே ஒரு சுவர் முழுவதையும் ஒரே ஓவியம் பிடித்துக்கொண்டிருந்தது. வெனிஸ் நகரத்து வணிகர் ஒருவரின் வீட்டு விருந்து. நீண்ட மேசை, வெள்ளி, கண்ணாடி, உரித்த எலுமிச்சை. வணிகர், மனைவி, மருமக்கள், ஒரு பாதிரியார். பக்கத்திலிருந்த விளக்க அட்டையில் ஒவ்வொருவரையும் பற்றி எழுதியிருந்தது. மேசைக்குக் கீழே எலும்பு கடிக்கிற நாய் என்ன இனம் என்றுகூட எழுதியிருந்தது.

இடது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், ஓர் ஆபிரிக்கப் பெண் நின்றாள். கையில் விருந்தாளிகள் கை கழுவுவதற்கான பித்தளைப் பேசின். தோளில் கை துடைக்க ஒரு துவாய். அவளைப் பற்றி அட்டையில் ஒரு வரியும் இல்லை.

ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலம் ஒரே அறையில் இருக்கிறவனுக்குக் கண் எங்கெங்கோ போகும். முதல் கிழமை நான் எலுமிச்சையைப் பார்த்தேன். இரண்டாவது கிழமை அவளைப் பார்க்கத் தொடங்கினேன். இடது புருவத்தை ஒரு சின்னத் தழும்பு வெட்டிக்கொண்டு போனது. சட்டைக் கையின் நுனி ஈரம். பேசினின் விளிம்பை அழுத்திப் பிடித்ததில் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. அவள் விருந்தைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே யாரோ கூப்பிட்டது போலத் தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தாள்.

நான்காவது அறையில் காவல் நின்றவள் எரித்திரியாவிலிருந்து வந்தவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். ஊரில் சரித்திர ஆசிரியையாக இருந்தவள் என்று பிறகுதான் தெரிந்தது. வேலை ஒழிந்த நாட்களில், ஒஸ்லோவுக்குப் பக்கத்து லில்லெஸ்ட்ரோமில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, ஆசிரியர் யாராவது சுகமில்லாமல் நின்றால், பதிலாகப் போய்வருவாள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் கதவில்லாத வாசல். ஆட்கள் இல்லாத நேரங்களில் அவள் தன் பக்கத்திலும் நான் என் பக்கத்திலும் நின்று கதைப்போம். இருவருக்கும் பொதுவாக இருந்தது நோர்வே மொழிதான். அந்த மொழியில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'. ஆரம்பத்தில் எனக்கு அது கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அவளுடைய அறையில் மூன்று ராசாக்கள் பாலன் இயேசுவைக் கும்பிடுகிற படம் தொங்கியது. மூவரில் ஒருவர் கறுப்பு ராசா. நான் கத்தோலிக்கன், மன்னார்ப் பக்கம். பாலன் குடிலில் அவரை ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பார்த்து வளர்ந்தவன். "இவரைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்," என்று அவளுக்குச் சொன்னேன்.

"ராசாவை எல்லாருக்கும் தெரியும்," என்றாள். "அவருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவருடைய பட்டு எங்கே நெய்தது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். உன் அறையில் நிற்கிறவளை யாருக்குத் தெரியும்?"

அடுத்த கிழமை நூலகத்திலிருந்து தடித்த புத்தகங்கள் கொண்டுவந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் பாண் துண்டைக் கடித்தபடி எனக்குச் சொல்வாள். லிஸ்பனிலும் வெனிஸிலும் ஆபிரிக்க மனிதர்களை விற்றார்கள், வாங்கினார்கள். ஞானஸ்நானம் கொடுத்துப் புதுப்பெயர் வைத்தார்கள். சிலருக்கு எசமானர் சாகிறபோது மரணசாசனத்தில் விடுதலை எழுதினார்கள். விடுதலையானவர்கள் வெனிஸில் படகு ஓட்டினார்கள், வேறு தொழில்களும் செய்தார்கள், கலியாணம் கட்டினார்கள். "எல்லாரும் அடிமையாக வரவில்லை," என்றாள் ஒருநாள். "எங்கள் பக்கத்துத் துறவிகள் தாங்களாகவே ரோமுக்கு யாத்திரை வந்திருக்கிறார்கள். வந்து, எழுதி, படித்து, அங்கேயே செத்தும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் தெருவில் நடந்து திரிந்த ஆட்கள். படத்தில் மட்டும் ஓரத்தில் நிற்கிறார்கள்."

கேட்க எனக்கு விருப்பமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவள் கதைக்கும்போது தன் அறையைவிட்டு இரண்டடி என் அறைக்குள் வந்துவிடுவாள். நான் சுவரிலுள்ள கமராவைப் பார்ப்பேன். "உன் அறையில் ஆள் வந்திருக்கிறது," என்று பொய்க்கு ஒன்றிரண்டு தரம் சொல்லியும் இருக்கிறேன்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், பத்து வயது மதிக்கலாம். வழிகாட்டி, கண்ணாடி போட்ட ஒரு நோர்வேப் பெண், நல்ல சுபாவமானவர். விருந்தைப் பற்றியும் கண்ணாடிக் குவளைகளைப் பற்றியும் சொல்லி முடித்தார். முன்னுக்கு நின்ற ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். சோமாலியப் பிள்ளையாக இருக்க வேண்டும். பின்னிய தலைமயிரில் மஞ்சள் மணிகள்.

"அவ யார்?" என்று இடது ஓரத்தைக் காட்டிக் கேட்டாள்.

"அவள் ஒரு பணிப்பெண்," என்றார் வழிகாட்டி. "அந்தக் காலத்து ஓவியர்கள் இப்படி ஒரு கறுப்பு உருவத்தை ஓரத்தில் வைப்பார்கள். அப்போதுதான் எசமானியின் வெள்ளைத் தோல் இன்னும் பிரகாசமாகத் தெரியும்."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. படித்ததைச் சொன்னார். ஆனால் அந்தச் சிறுமி வேறு எதுவும் கேட்கவில்லை. ஸ்வெட்டரின் கைகளை இழுத்து விரல்களை உள்ளே மறைத்துக்கொண்டாள். நான் அதைக் கண்டேன். நான் மட்டும்தான் கண்டேன் என்று நினைத்தேன்.

"மன்னிக்கவும், நான் ஒன்று சொல்லலாமா?" என்று நான்காவது அறை வாசலில் இருந்து குரல் வந்தது. பதிலுக்குக் காத்திராமல் அவள் பிள்ளைகளுக்கு நடுவில் வந்து நின்றாள். நான் கமராவைப் பார்த்தேன்.

"அவளுடைய கட்டைவிரலைப் பாருங்கள். நகம் வெளுத்திருக்கிறதா? பேசின் பாரமானது. தண்ணீரோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோலுக்காக மட்டும் அவளை வைத்திருந்தால் ஓவியர் ஏன் அந்த நகத்தை வரைந்தார்? புருவத்துத் தழும்பை ஏன் வரைந்தார்? அவர் ஓர் ஆளைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். அவர் முன்னால் அவள் கை நோக நோக நின்றிருக்கிறாள். அவளுக்கு அம்மா வைத்த ஒரு பெயர் இருந்தது. பிறகு வேறு பெயர் வைத்திருப்பார்கள். இரண்டும் எங்களுக்குத் தெரியாது."

பிள்ளைகள் நெருங்கினார்கள். எல்லாருக்கும் நகத்தைப் பார்க்க வேண்டும். அந்தச் சிறுமி, "அவவுக்குப் பிள்ளைகள் இருந்ததா?" என்று கேட்டாள். நான் அப்போதுதான் மற்ற வாசல் பக்கம் திரும்பினேன். மேலாளரின் சப்பாத்துச் சத்தம் போல ஒன்று கேட்டது. அவர் இல்லை. யாரோ ஒரு கிழவர். அந்த நேரம் பார்த்து அலாரம் அடித்தது.

ஓவியத்துக்கு முன்னால் தரையில் ஒரு கோடு. அதற்கு மேலால் கையோ தோளோ போனால் சத்தம் போடும். நான் திரும்பிப் பார்த்தபோது எல்லாரும் பின்வாங்கிவிட்டார்கள். எரித்திரியப் பெண்ணின் கை காற்றில் நீட்டியபடி இருந்தது. வழிகாட்டியின் கையில் சுருட்டிய தாள் இருந்தது. பிள்ளைகளின் கைகளை எண்ண முடியாது. ஓவியத்துக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் இரவல் ஓவியம். எது நடந்தாலும் எழுதி இத்தாலிக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம்.

பின்னேரம் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். கோப்பி வேண்டுமா என்று கேட்டார். கோப்பி கேட்டதே எனக்கு நல்லதாகப் படவில்லை.

"கமராவில் பிள்ளைகளின் முதுகுதான் தெரிகிறது," என்றார். "வழிகாட்டி அது நான்காவது அறைக் காவலாளியின் கை என்று நினைக்கிறார். நிச்சயமில்லை என்றும் சொல்கிறார். அறை உன்னுடையது. அவளுடைய கை கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று நீ எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமைக்குள் தந்தால் போதும்." அதற்கான தாள் ஒன்றை என்னிடம் நீட்டியபடி, "உன் ஒப்பந்தத்தையும் இந்த மாதக் கடைசியில் பார்க்க வேண்டும், இல்லையா?" என்றார். அவர் அதை வெருட்டுவதற்குச் சொன்னாரா, சும்மா ஞாபகத்தில் வந்து சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீடு இருக்கிற வெஸ்ட்லிக்குப் போகிற மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன்வரை அந்தத் தாளைச் சட்டைப்பைக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தாண்டியது என்று எழுதினால் அவளுக்கு வேலை போகும். தாண்டவில்லை என்று எழுதினால் பொய். பார்க்கவில்லை என்று எழுதினால் எனக்கு வேலை போகும். காவலாளி எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்க மாட்டார்களா? அவளிடம் இருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. "உன்னைக் கூப்பிட்டார்களா?" நான் பதில் போடவில்லை. அடுத்த மூன்று நாளும் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து குசினி மேசையில் தாளை விரித்தேன். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், அன்று அவருக்கு லீவு. தேத்தண்ணியை வைத்துவிட்டு முன்னால் இருந்தார்.

"இஞ்சேருங்கோ, நாலு நாளா ஒரு பேப்பரைக் காவிக்கொண்டு திரியிறியள். என்ன பிரச்சினை?"

சொன்னேன். வாசலைப் பார்த்ததையும் சொன்னேன்.

"அப்ப நீங்கள் பார்க்கேல்லை."

"இல்லை."

"பார்க்கேல்லை எண்டு எழுதுங்கோவன்."

"அது அவளுக்கு ஒரு உதவியும் இல்லை. எனக்கும் இல்லை. நீர் லேசாச் சொல்லுறீர்."

"காது கேட்டதுதானே? அந்தப் பிள்ளை கேட்டது, அந்த மனுசி சொன்னது, இவ சொன்னது?"

"ஓம், எல்லாம் கேட்டது. ஆனா அவை கேக்கிறது கையைப் பற்றி மட்டும்."

"அவை கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லிச் சொல்லித்தானே முப்பது வருசம் போச்சுது," என்றார் மனைவி.

அவர் உடுப்புத் தோய்க்கப் போய்விட்டார். எனக்கு ஹம்மர்பெஸ்ட் ஞாபகம் வந்தது. நோர்வேக்கு வந்த புதிதில் அங்கே மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் நின்றேன். ஒருநாள் படம் எடுக்க ஆள் வந்தார். நீண்ட மேசைக்குப் பின்னால் நாலு நோர்வேப் பெண்கள், கடைசியில் நானும் இன்னொரு தமிழ்ப் பெடியனும். அந்தப் படம் அந்த ஊர்ப் பத்திரிகை மலர் ஒன்றில் வந்தது. நான் பெருமையாக அந்தப் பக்கத்தைக் கிழித்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மாவின் கடிதத்தில் வேறு விசயங்களுக்கு நடுவில் ஒரு கேள்வி இருந்தது. கீழே நாலு பேருக்குப் பெயர் போட்டிருக்கு, உன்ர பெயர் எங்கை? அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் குளிரைப் பற்றி எழுதியிருப்பேன்.

அன்று மத்தியானம்வரை எழுதினேன். என் நோர்வே எழுத்து பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்து. அலாரம் அடித்த கணத்தில் நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆகவே யாருடைய கை என்று எனக்குத் தெரியாது என்று முதலில் எழுதினேன். பிறகு கேட்டதையெல்லாம் எழுதினேன். சிறுமியின் கேள்வி, வழிகாட்டியின் பதில், சிறுமி ஸ்வெட்டருக்குள் விரலை மறைத்தது, சக காவலாளி வந்து சொன்னது, பிள்ளைகள் எல்லாரும் நகத்தைப் பார்க்க நெருங்கியது. கடைசியில் யாரும் கேட்காத ஒன்றையும் எழுதினேன். விளக்க அட்டையில் நாய் இருக்கிறது, அந்தப் பெண் இல்லை. எழுதியதை மூன்று முறை வாசித்தேன். அந்தக் கடைசி வரியை வெட்டினேன். திரும்ப எழுதினேன்.

திங்கட்கிழமை மேலாளர் தாளை வாங்கி என் முன்னாலேயே வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நீளமாக எழுதியிருக்கிறாய்," என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. மெட்ரோவில், குளியலறையில், பூசையில் காணிக்கை எடுக்கிற நேரத்தில்கூடப் போனைப் பார்த்தேன். காதுக் கருவி கரகரத்தாலே என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். அவளோ வழக்கம்போல வாசலில் நின்றாள். "வணக்கம்" சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு அறையின் மற்ற மூலைக்குப் போவேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

இரண்டாவது கிழமை ஒரு காலை, திறக்க முன்னரே, கண்காட்சியைத் தொகுத்த ஆய்வாளர் என் அறைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண். கையில் என் தாளின் பிரதி.

"இதை எழுதியது நீதானே? எந்த நகம்?" என்று கேட்டார்.

கோட்டுக்கு வெளியே நின்று காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். "இரண்டு வருடமாக இந்த ஓவியத்தோடு வேலை செய்கிறேன். இதைக் கண்டதில்லை," என்றார். நாயைப் பற்றி எழுதியது தான்தான் என்றும் சொன்னார். அவருடைய காது சிவந்திருந்தது. இத்தாலிக்கு எழுதிக் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் முடிவு வந்தது. அலாரத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று விசாரணைக் கோப்பை மூடினார்கள். தன் அறையை விட்டு வந்ததற்காக அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை. என் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. அவளுடையது புதுப்பிக்கப்படவில்லை. வசந்தத்தில் ஆட்கள் குறைவாகத்தான் தேவை என்று காரணம் சொன்னார்கள். சந்தோசப்பட வேண்டிய அன்று நான் உடுப்பு மாற்றுகிற அறையில் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் தன் அலுமாரியைத் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். "கவனமாகப் போ, ஐஸ் வழுக்குது," என்றேன்.

இத்தாலியிலிருந்து சுருக்கமாகப் பதில் வந்ததாம். அந்த வணிகர் வீட்டுப் பழைய பத்திரங்களில் பணியாட்களின் பெயர்கள் சில உண்டு, அவற்றில் எது அவளுடையது என்று சொல்ல வழியில்லை. விளக்க அட்டையில் இரண்டு வரி கூடியது. இடது பக்கம் ஓர் ஆபிரிக்கப் பெண் கை கழுவும் பேசினோடு நிற்கிறாள். ஓவியர் அவளை நேரில் பார்த்து வரைந்திருக்கலாம், அவளுடைய பெயர் தெரியவில்லை.

கண்காட்சியின் கடைசிக் கிழமை, மே மாதம், கீழே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. படியேறி முதலில் வந்தவள் அவள்தான். லில்லெஸ்ட்ரோம் பள்ளிக்கூடத்தில் இப்போது அவளுக்கு முழுநேர வேலை. மஞ்சள் பாதுகாப்பு அங்கி போட்ட இருபது பிள்ளைகளை ஓவியத்துக்கு முன்னால் தரையில் இருத்தினாள். ஆசிரியை தன் வகுப்போடு கதைப்பதற்கு எந்த விதியும் தடையில்லை. அரைமணித்தியாலம் கதைத்தாள். படகு ஓட்டியவர்கள், யாத்திரை வந்த துறவிகள், சாசனத்தில் விடுதலை பெற்றவர்கள், பெறாதவர்கள். அட்டையில் சேர்த்த இரண்டு வரியையும் உரத்து வாசித்தாள். "தெரியவில்லை என்றால் இருக்கவில்லை என்று அர்த்தமில்லை," என்றாள்.

பிள்ளைகள் கீழே மண்டபத்தில் கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்தபோது எனக்கும் இடைவேளை. போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"நான் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. உன்னுடைய கையா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருந்தால் உனக்காகச் சொல்லியிருக்கலாம்."

அவள் ஒரு பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"தெரியும். நீ வாசலைப் பார்த்ததை நான் கண்டேன்."

"பிறகு ஏன் ஒன்றும் கேட்கவில்லை?"

"என்ன கேட்கிறது? நீ கதைத்து, நான் காவல் நின்றிருந்தால் நானும் வாசலைத்தான் பார்த்திருப்பேன். எனக்கும் ஒப்பந்தம் இருந்தது." கொஞ்சம் சிரித்தாள். "கை என்னுடையதாகவும் இருக்கலாம். எனக்கே சரியாகத் தெரியாது. ஆனால் நீ என் செய்திக்குப் பதில் போடாததுதான் எனக்குக் கோபம்."

"ஓம்," என்றேன், தமிழில். பிறகு நோர்வே மொழியில் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் எழுந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினாள். பத்தொன்பதுதான் வந்தது. திரும்ப எண்ணினாள். ரயிலுக்கு இன்னும் பதினைந்து நிமிடம்தான் இருந்தது. நான் கழிப்பறைப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு பெடியன் கை கழுவிக்கொண்டு, அவசரமேயில்லாமல், சவர்க்கார நுரையை ஊதிக்கொண்டிருந்தான்.